யோர்தான் தண்ணீரைக் குடிக்கலாமா?



திருநாட்டுத் திருப்பயணம் சென்று வருபவர்கள், ஊர் திரும்பியதும் பங்குத்தந்தையைப் பார்க்க வருவது வழக்கம். கையில் ஒலிவ மரச் சிலுவையும், சிறு பாட்டிலில் யோர்தான் ஆற்றுத் தண்ணீரும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு பாட்டி, "பேரனுக்குக் காய்ச்சல் சாமி, இதுல ஒரு மூடி குடிக்கக் குடுத்தேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று புறப்படும் முன் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

கலிலேயக் கடலிலிருந்து யோர்தான் வெளியேறும் இடத்தருகே யார்தெனித் என்னும் திருமுழுக்குத் துறை உள்ளது. அங்கே நீர் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் ஆண்டவர் திருமுழுக்குப் பெற்றதாக மரபு காட்டும் இடம் வெகு தெற்கே, எரிகோவின் அருகில் உள்ளது. கிழக்குக் கரையில் அல்-மக்தாஸ், மேற்குக் கரையில் கஸ்ர் எல்-யஹுத். அங்கு வந்து சேர்வதற்குள் ஆற்று நீரின் பெரும்பகுதியை அணைகளும் கால்வாய்களும் எடுத்துக்கொள்கின்றன. பழைய நீரோட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. வயல்களின் வடிகால் நீரும், உப்பு ஊற்று நீரும், கழிவுநீரும் பல ஆண்டுகளாக அதில் கலந்து வந்திருக்கின்றன. அந்த இடத்தில் திருமுழுக்குக் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்று 2010-இல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று குரல் எழுப்பியது.

இப்படிப் பேசுவது விசுவாசக் குறைவா? எரிகோ மக்கள் இறைவாக்கினர் எலிசாவிடம், ஊர் நல்ல ஊர்தான், தண்ணீர்தான் கெட்டது என்று ஒளிக்காமல் சொன்னார்கள் (2 அர 2:19-22). அவர்கள் வாய் திறந்து சொன்ன பிறகே அந்த ஊற்று நலம் பெற்றது. நமது திருமுழுக்குச் சடங்கு முறையின் பொது முன்னுரையும், நீர் உண்மையானதாகவும் தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அடையாளத்தின் பொருளுக்காக மட்டுமல்ல, உடல்நலத்திற்காகவும் என்று காரணம் சொல்கிறது. தலையில் ஊற்றும் நீருக்கே திருச்சபை இவ்வளவு பார்க்கிறது என்றால், வயிற்றுக்குள் போகும் நீருக்கு நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்! கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை சொன்னபோது ஆண்டவர் மறுத்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம் (மத் 4:5-7).

ஆறு ஒருபுறம் இருக்கட்டும். பயணத்தின் மற்ற நாள்களில் என்ன குடிப்பது? இஸ்ரயேலில் குழாய் நீரைக் குடிக்கலாம். எகிப்திலும் யோர்தான் நாட்டிலும் வெளியூர்க்காரர்கள் மூடி உடையாத பாட்டில் நீரைக் குடிப்பதே நல்லது. பெத்லகேமில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும்; மொட்டைமாடித் தொட்டிகளில் பிடித்து வைப்பார்கள். அங்கும் அப்படியே செய்யுங்கள். பாட்டில் நீரைக் குடித்துவிட்டு, பழச்சாற்றில் பனிக்கட்டி கேட்பவர்கள் நம்மில் பலர். அந்தப் பனிக்கட்டி எந்த நீரில் செய்தது? பல் துலக்கும் நீருக்கும் இதே கேள்விதான்.

கொதிக்க வைத்த நீர் எங்கும் நம்பத்தக்கது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். உயரத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் வேண்டும். திருப்பயணிகள் இரவில் ஏறும் சீனாய் மலை 2,285 மீட்டர்.

இப்போது கையடக்க வடிகட்டி பாட்டில்களைப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அதனால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றில் பலவற்றில் உள்ள நுண்துளைகள் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவுள்ளவை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாவும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் அதைவிடப் பெரியவை, சிக்கிக்கொள்ளும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ்-ஏ வைரஸ் ஏறத்தாழ 0.03 மைக்ரான்தான், நுழைந்து போய்விடும். எனவே சந்தேகமான நீரை வடிகட்டியபின் குளோரின் மாத்திரை போட்டு, அட்டையில் சொல்லியுள்ள நேரம் காத்திருக்க வேண்டும். மாத்திரை மட்டும் போதுமா என்றால் போதாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு எளிதில் சாவதில்லை. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். உப்பையும் கரைந்துள்ள வேதிப்பொருள்களையும் இவை நீக்குவதில்லை. மாராவின் கசப்பு நீர் இனிப்பானது (விப 15:23-25) மோசே போட்ட மரத்துண்டினால்; கடையில் வாங்கும் வடிகட்டி அதைச் செய்யாது.

(திமொத்தேயுவின் வயிற்றுக்காகச் சிறிது திராட்சை மது அருந்தும்படி பவுலடியார் சொன்னதை எனக்கு நினைவூட்டும் அன்பர்கள் பங்கில் உண்டு. 'சிறிது' என்ற சொல்லை மட்டும் அவர்கள் விட்டுவிடுவார்கள்.)

கெட்ட நீரைவிட எனக்குப் பெரிய கவலை, நீரே குடிக்காமல் இருப்பது. வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று நம் தாய்மார்கள் பேருந்தில் ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை. வெயிலில், அறுபது எழுபது வயதில், இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு இப்படி இருந்தால் மயங்கி விழ வேண்டியதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தும்படி பயண ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து கைப்பையில் இருக்கட்டும்; அதையும் நல்ல நீரில்தான் கரைக்க வேண்டும்.

அந்தப் பாட்டியின் பேரனுக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. யோர்தான் பாட்டில் இன்றும் அவர் வீட்டில் மாதா சுரூபத்தின் அருகில் இருக்கிறது. மூடியை மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்துவிட்டார்.