கல் குத்துமா? கடலுக்குள் ஒரு தேள்!

என்ன குட்டீஸ்... தேள் எங்கே இருக்கும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? விறகுக் குவியலில், ஓட்டு இடுக்கில், கல்லுக்கு அடியில் என்று சொல்வீர்கள். கடலுக்குள்ளும் தேள் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதற்கு எட்டுக் கால் கிடையாது. வாலில் கொடுக்கும் கிடையாது. துடுப்பும், செவுளும் உள்ள மீன்தான் அது! ஆனால், குத்தி விட்டால் தேள் கொட்டியதைப் போல துடிதுடிக்க வைத்து விடும். அதனால்தான், அதற்கு 'தேள் மீன்' என்று பெயர்.

உலகக் கடல்களில், 200க்கும் மேற்பட்ட தேள் மீன் இனங்கள் வாழ்கின்றன. வெப்பமான கடல்களில்தான் இவை அதிகம். சிங்க மீனும், கல் மீனும் இதன் சொந்தக்காரர்கள். இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போமா? பயப்படாதீர்கள்... இவர்கள் யாரையும் துரத்த மாட்டார்கள்!

கல்லா... மீனா?

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடற்கரைக்குப் போவோம். அங்கே, முழங்கால் அளவுத் தண்ணீரில் பவளப் பாறைகள் தெரிகின்றன. அவற்றின் ஓரத்தில், கறுப்பும் பழுப்புமாக ஒரு கல். அதன் மேல் பாசி கூட படிந்திருக்கிறது. 'கல்தானே' என்று காலை வைத்தால் போச்சு! கல் குத்தும்!

இதுதான் கல் மீன். உலகிலேயே மிகக் கொடிய விஷமுள்ள மீன் இது. செங்கடலில் துவங்கி, இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் என்று பரவி வாழ்கிறது. உடம்பு முழுவதும் கரடு முரடான முண்டுகள். அந்தத் தோலில் பாசியும் வளர்வதால், கல்லுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

இதன் முதுகில், 13 முட்கள் உள்ளன. ஒவ்வொரு முள்ளிலும், இரண்டு விஷப் பைகள். குத்து வாங்கியவருக்குத் தாங்க முடியாத வலி ஏற்படும். கால் வீங்கிப் போகும். ரத்த அழுத்தம் குறைந்து, இதயம் பாதிக்கப்படுவதும் உண்டு.

ஊசி போடும் முள்!

டாக்டர் ஊசி போடும்போது என்ன செய்கிறார்? ஊசியைக் குத்தி, பின்பக்கம் அழுத்துகிறார். மருந்து உள்ளே போகிறது. தேள் மீனின் முள்ளும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால், அழுத்துவது மீன் அல்ல... நாம்!

முள்ளின் இரு பக்கமும், வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும். அதில்தான் விஷச் சுரப்பி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு மெல்லிய தோல், உறை போல மூடியிருக்கும். யாராவது மிதித்தால், அந்த உறை கீழே தள்ளப்படும். சுரப்பி நசுங்கி, விஷம் பள்ளத்தின் வழியாக ஓடிக் காயத்துக்குள் இறங்கும்.

மிதிக்கும் காலின் எடைதான் விஷத்தை ஏற்றுகிறது. யாரும் தொடாமல் இருந்தால், ஒரு சொட்டு விஷம் கூட வெளியே வராது. ஆனால், ஒரு விஷயத்தை மறந்து விடாதீர்கள். செத்துக் கிடக்கும் மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று கையால் எடுத்துப் பார்க்கக் கூடாது!

விஷ மீன்கள் ஏதோ ஒன்றிரண்டு என்று நினைத்து விடாதீர்கள். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லியோ ஸ்மித், வார்டு வீலர் என்ற இரு விஞ்ஞானிகள், 2006ல் ஒரு கணக்கு எடுத்தனர். அதுவரை, 200 விஷ மீன்கள் இருக்கும் என்று கருதப்பட்டது. அவர்கள் கணக்கில் வந்ததோ, 1,200க்கும் மேல்! உலகில் விஷப் பாம்புகளை விட விஷ மீன்களே அதிகம் என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

இரை பிடிக்க விஷமா?

விஷத்தால் குத்தித்தான் இவை இரை பிடிக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! வேட்டையில் இவை விஷத்தைத் தொடுவதே இல்லை. இவற்றின் வேட்டை ஆயுதங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, பொறுமை; மற்றொன்று, பெரிய வாய்.

கல் மீன், மணி கணக்கில் அசையாமல் கிடக்கும். சின்ன மீனோ, இறாலோ அருகில் வந்ததும், 'லபக்!' ஒரு வினாடியைக் ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில், 15 பங்கு நேரத்திலேயே இரை வாய்க்குள் போய் விடும். நீங்கள் கண் இமைப்பதற்குள், இரை வயிற்றில்!

இலைத் தேள் மீன் என்று ஒரு குட்டி மீன் உண்டு. இது, அலையில் ஆடும் காய்ந்த இலையைப் போல, இப்படியும் அப்படியும் ஆடிக் கொண்டே இருக்கும். மேலே பாசி அதிகம் படிந்து விட்டால், பாம்பு சட்டை உரிப்பதைப் போல தோலையே உரித்துப் போட்டு விடும். கல் மீனின் இன்னொரு உறவுக்கார மீன், மார்புத் துடுப்பிலிருந்து விரல்கள் போலப் பிரிந்து நிற்கும் கதிர்களை ஊன்றி, கடல் தரையில் நடந்தே போகும்!

சிங்க மீனின் தந்திரமே தனி. விசிறி போன்ற துடுப்புகளை விரித்து, சின்ன மீன்களை ஒரு மூலைக்கு ஒதுக்கும். பிறகு, வாயால் தண்ணீரைப் பீய்ச்சும். 'என்ன அது?' என்று இரை தலையைத் திருப்பினால், கதை முடிந்தது!

அப்படியானால், விஷம் எதற்கு? தன்னைக் கடிக்க வருபவரைத் தடுக்கத்தான். வேகமாக நீந்தி ஓட முடியாத மீனுக்கு, அதுதான் வேலி.

கண்ணுக்குக் கீழே கத்தி!

முன்பு சொன்ன லியோ ஸ்மித், 2018ல் இன்னொரு வியப்பான செய்தியை வெளியிட்டார். கல் மீன்களுக்கும், அவற்றின் நெருங்கிய இனங்களுக்கும் கண்ணுக்குக் கீழே, மடக்குக் கத்தி போல ஒரு முள் இருக்கிறதாம். சாதாரண நேரத்தில், அது மடங்கிக் கிடக்கும். ஆபத்து வந்தால், 'டக்'கென்று பக்கவாட்டில் நீட்டிக் கொள்ளும். விழுங்க வருபவரின் வாயில் அது சிக்கிக் கொள்ளுமே! பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இந்த மீன்களைப் பார்த்திருந்தும், இந்தக் கத்தி இப்படி வேலை செய்வதை யாரும் கவனிக்கவில்லை.

சேதுக்கரையில் கிடைத்த அதிசயம்!

நம் ஊர்க் கடலில் தேள் மீன் இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? இருக்கிறதே! ராமநாதபுரம் மாவட்டம், சேதுக்கரை அருகே, மன்னார் வளைகுடாவில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் கடற்புற்களை ஆய்வு செய்து கொண்டிருந்தனர். அப்போது, வெள்ளையாக ஏதோ கிடப்பதைக் கண்டனர். செத்துப் போன பவளத்தின் எலும்புக்கூடு போலத் தெரிந்தது.

மெல்லத் தொட்டதும், அது நகர்ந்தது! சில வினாடிகளில், வெள்ளை நிறம் மாறிக் கறுத்தும் போனது. பட்டைவால் தேள் மீன் என்ற அபூர்வ இனம்தான் அது. இந்தியக் கடலில் இந்த மீன் உயிருடன் கிடைத்தது, அதுவே முதல் முறை. இந்தச் செய்தி, 2020ல் வெளியானது. கடலையே படிப்பவர்களின் கண்களையும் ஏமாற்றி விட்டது பார்த்தீர்களா?

வெந்நீர் வைத்தியம்!

தேள் மீன் குத்தி விட்டால் என்ன செய்வது? இதற்கு முதலுதவி வெந்நீர்! இந்த விஷம், ஒரு வகைப் புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சூடு பட்டதும் அது உருமாறி விடுகிறது அல்லவா? இந்த விஷப் புரதம் சூட்டை அதை விடக் குறைவாகவே தாங்கும். அதனால்தான், வெந்நீரில் வலி குறைகிறது.

குத்துப்பட்ட இடத்தை, பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை வைக்க வேண்டும். சூடு, 45 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. பெரியவர் ஒருவர், முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால், தோல் வெந்து போகும். காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் கூடவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கல் மீன் விஷத்துக்கு, 1959ல் ஆஸ்திரேலியாவில் முறிவு மருந்து கண்டுபிடித்தனர். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளை எடுத்து, இதைத் தயாரிக்கின்றனர்.

சிங்கம் இடம் மாறியது!

இவ்வளவு விஷம் இருந்தும், தேள் மீன் குடும்பம் செய்த மிகப் பெரிய சேதத்துக்கு விஷம் காரணமல்ல. அந்தக் கதையைக் கேளுங்கள்.

சிங்க மீனுக்கு, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், பிடரி மயிர் போன்ற துடுப்புகள். உடம்பில், 18 விஷ முட்கள். பார்க்க அழகாக இருப்பதால், கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் பலர் ஆசைப்பட்டனர். இதன் சொந்த ஊர், இந்திய, பசிபிக் பெருங்கடல்கள். ஆனால், 1985ல் அமெரிக்காவின் புளோரிடா கடலில் ஒரு சிங்க மீன் காணப்பட்டது. அது அட்லாண்டிக் பெருங்கடல்! வளர்த்தவர்கள், அலுத்துப் போய்க் கடலில் விட்டதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

ஒரு பெண் சிங்க மீன், ஆண்டுக்கு, 20 லட்சம் முட்டைகள் வரை இடும். வயிறோ, 30 மடங்கு வரை விரியும்! அட்லாண்டிக்கில் உள்ள சின்ன மீன்கள், இப்படி ஒரு மீனைப் பார்த்ததே இல்லை. அதனால், பயந்து ஓடத் தெரியவில்லை. பெரிய மீன்களுக்கும், இதைத் தின்னும் பழக்கமில்லை. கேட்க வேண்டுமா? 2004ல் பஹாமாஸ் தீவுகளில் காணப்பட்டது. பிறகு, கரீபியன் கடல் முழுவதும் பரவியது. 2014ல் பிரேசில் வரை போய் விட்டது.

பஹாமாசில் ஒரு சோதனை நடந்தது. சின்னப் பவளத் திட்டுகள் சிலவற்றில், ஆளுக்கு ஒரு சிங்க மீனை விட்டனர். ஐந்தே வாரத்தில், அந்தத் திட்டுகளில் புதிதாகச் சேரும் குட்டி மீன்கள், 79 சதவீதம் குறைந்து விட்டன! பாசியைத் தின்னும் மீன்கள் குறைந்தால், பாசி பெருகிப் பவளத்தையே மூடி விடும். பவளம் அழிந்தால், அதை நம்பி வாழும் உயிர்களும் அழியும்.

மத்தியதரைக் கடலிலும், இதே கதைதான். மனிதன் வெட்டிய சூயஸ் கால்வாய் வழியாக, இன்னொரு சிங்க மீன் இனம் செங்கடலிலிருந்து அங்கே புகுந்தது. 1991ல் முதலில் காணப்பட்ட அது, 2012க்குப் பின் வேகமாகப் பெருகி விட்டது.

விருந்தாகும் விஷ மீன்!

இப்போது என்ன செய்கின்றனர் தெரியுமா? சிங்க மீனைப் பிடிப்பதற்கென்றே போட்டி வைக்கின்றனர்! 2009ல் பஹாமாசில் துவங்கிய இந்தப் போட்டி, புளோரிடாவிலும் நடக்கிறது. நீச்சல் வீரர்கள் ஈட்டியுடன் மூழ்கி, மீன்களைப் பிடித்து வருவர். அதிகம் பிடித்தவருக்குப் பரிசு!

பிடித்த மீனைத் தின்னலாமா? தாராளமாகத் தின்னலாம். விஷம் முள்ளில்தான் இருக்கிறது, சதையில் இல்லை. முட்களைக் கத்தரித்து விட்டுச் சமைக்கின்றனர். பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில், 'பூயாபேஸ்' என்ற மீன் சூப் மிகவும் பிரபலம். அதில், தேள் மீன் கட்டாயம் இருக்குமாம்!

குட்டீஸ்... தன் இடத்தில் இருந்தவரை, சிங்க மீனால் எந்தக் கடலும் கெடவில்லை. இடம் மாற்றி விட்டதுதான் தவறு. நம் ஊரிலும் அப்படி நடந்திருக்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று வாங்கி வளர்த்த தென் அமெரிக்கக் கெளுத்தி, இன்று தமிழக ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

ஆகவே, இரண்டு விஷயங்களை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பாறை உள்ள கடலோரம் போனால், தடித்த செருப்போ, ஷூவோ அணிந்து, பார்த்துக் கால் வையுங்கள். பொந்துக்குள் கை விடாதீர்கள். வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப் போனால், ஏரியிலோ, ஆற்றிலோ விடாமல், வாங்கிய கடையிலோ, வளர்க்க விரும்பும் நண்பனிடமோ கொடுத்து விடுங்கள். அந்த ஒரு குட்டி மீன், ஒரு ஏரியையே மாற்றி விடலாம்.

என்ன, செய்வீர்கள்தானே!