கமத்தொழில் அமைச்சும் கமக்காரனும்

கமக்காரனுக்கு இன்றியமையாதன நிலம், நீர், விதை, விளைந்த பொருளுக்குத் தக்க விலை என்பனவாம். இவற்றுள் எவற்றைத் தன் கையில் வைத்திருக்கின்றது என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் கமத்தொழில் அமைச்சை அளவிடல் வேண்டும். நம் இலங்கையில் இவ்வமைச்சின் பெயர் பன்முறை மாறியிருக்கின்றது. ஒருகாற் காணி அதனோடு சேர்ந்தது. ஒருகால் உணவு சேர்ந்தது. பிறிதொருகால் நீர் பிரிந்து வேறோர் அமைச்சுக்குப் போயிற்று. இம்மாற்றங்களை அலுவலகப் பெயர்ப்பலகையின் மாற்றமென்று தள்ளிவிடுவோர் உளர். ஆனால், அமைச்சின் வரலாறே அப்பலகையில் அடங்கியிருக்கின்றது என்பது எமது கருத்து.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் கமத்தொழில் அக்கறை பெருந்தோட்டங்களைச் சுற்றியே அமைந்தது. 1821இற் பேராதனையில் அமைக்கப்பட்ட தாவரவியற் பூங்கா அவ்வக்கறையின் நிலைக்களமாயிற்று. 1869இற் கோப்பிச் செடியின் இலைகளில் ஒருவகைப் பூஞ்சண நோய் தோன்றிப் பரவியபோது, அதனை ஆராய மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்டார். நெல் விளைவித்த குடியானவனை நாடிச் சென்றவனோ நெல்வரி அறவிடுவோன். 1892இல் அவ்வரி நீக்கப்படும் வரை, வரி செலுத்த இயலாது வயலை இழந்தோர் பலர். 1904இல் இலங்கைக் கமத்தொழிற் சங்கமும் 1912இல் விவசாயத் திணைக்களமும் தோன்றின. திணைக்களம் தோன்றியதாயினும் அதற்குத் தலைமை தாங்க மக்கள் தெரிந்த மந்திரி எவரும் அக்காலத்தில் இலர்.

அத்தகைய மந்திரியை அளித்தது 1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியற்றிட்டம். அரசாங்க சபையின் ஏழு நிர்வாகக் குழுக்களுள் ஒன்று கமத்தொழிலுக்கும் காணிக்கும் உரியது. அதன் தலைவரே மந்திரி. அப்பதவியைச் சுமார் பதினைந்து ஆண்டுகள் வகித்தவர் திரு. டி. எஸ். சேனநாயக்கா. காணியும் கமமும் ஒருவர் கையில் இருந்தமையால் அவராற் பெருங்காரியங்கள் இயன்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் முடிக்குரிய காணியைக் குடியானவனுக்கு அளித்தது. ஆயினும் அதனை அவன் தன் விருப்பப்படி விற்கவோ துண்டாடவோ இடமளிக்கவில்லை. கடன்காரன் கையிற் காணி போய்விடாதிருத்தற் பொருட்டு இட்ட வேலி அது. மின்னேரியா முதலிய பழைய குளங்களின் கீழே குடியேற்றங்கள் எழுந்தன. நம் வடமாகாணத்தில் இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சியில் வயல்கள் பெருகின.

சுதந்திரத்தின் பின் 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அப்பொழுதிருந்தே குடியேற்றம் தனிக் கமத்தொழில் வினாவாக நில்லாது இனங்களுக்கிடையிலான வினாவுமாயிற்று. யார் காணி பெறுவர், எங்கே பெறுவர் என்பது மாகாணங்களின் குடித்தொகையையே மாற்றவல்லது என்பதைத் தமிழ்த் தலைவர்கள் எடுத்துரைத்தனர். 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் உடன்படிக்கையில் இவ்விடயம் இடம்பெற்றமை வாசகர் அறிந்ததே. ஒரு கமத்தொழிற் கொள்கை அத்துறையின் எல்லைக்குள் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இந்நாட்டில் இல்லை.

இனி விலையைப் பற்றிச் சற்று விரித்துரைப்பாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது. உள்ளூர் நெல்லின் அருமையை அரசாங்கம் உணர்ந்தது அப்போதுதான். போர்க்காலத்தில் நெல்லை அரசே கொள்வனவு செய்தது. 1948இல் அது உத்தரவாத விலைத் திட்டமாக உருப்பெற்றது. பின்னர் 1950களில் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா என நெடுங்காலம் விலை நின்றது. ஆனால் அதே அரசாங்கம் நகரத்தாருக்கும் தொழிலாளருக்கும் மலிவான பங்கீட்டரிசி வழங்கவும் கடமைப்பட்டிருந்தது. விளைவிப்பவனுக்கு உயர்விலை, உண்பவனுக்குத் தாழ்விலை. இடைவெளியை நிரப்புவது திறைசேரி. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், ஆகஸ்ட் 12ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பின்னர் பதவி துறந்தார். அக்காலத்திற் கமத்தொழிலும் உணவும் ஒரே அமைச்சின் பெயரில் இருந்தன. காணியோ வேறோர் அமைச்சுக்குச் சென்றிருந்தது.

1956இற் கமத்தொழில் உணவு மந்திரியான பிலிப் குணவர்த்தனா, குத்தகைக்கு வயல் செய்வோனின் நிலையைத் தம் கருமமாகக் கொண்டார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளனை நினைத்தபோது வெளியேற்றுதலைத் தடுத்தது. வாரத்துக்கு எல்லை வகுத்தது. பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தோற்றுவித்தது. சட்டம் நிறைவேறிய மறு ஆண்டே அவர் அமைச்சரவையை விட்டு நீங்க நேர்ந்தது. அரசியற் சச்சரவுகளுக்கு அப்பாற் பத்தலகொடையில் விஞ்ஞானிகள் அமைதியாகச் செய்த வேலையோ நிலைத்தது. அங்கு 1950களின் இறுதியில் வெளிவந்த எச்-4 என்னும் கலப்பின நெல் நாட்டின் விளைவைப் பெருக்கிற்று. மந்திரிகளின் உரைகளை விட அந்நெல்லே மிகுதியாகச் சாதித்தது எனல் மிகையாகாது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஆறில்லாத குடாநாட்டிலே கமக்காரன் துலாமிதித்துக் கிணற்று நீரிறைத்தான். பின்னர் இயந்திரத்தால் இறைத்தான். நிலம் அவன் முதுசொம். கிணறு அவன் வெட்டியது. பெருங்குளமும் புதுக்காணியுமாக அமைச்சு வகுத்த திட்டங்கள் புகையிலை, மிளகாய், வெங்காயம் செய்வோனுக்கு அத்துணைப் பயன்தரவில்லை. அவனுக்கு வேண்டியது விலை. 1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. அரிசிக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்நாள்களிலேயே குடாநாட்டுக் கமக்காரன் தலைநிமிர்ந்தான், கல்வீடுகள் எழுந்தன. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. தோட்டக்காரனின் வருவாய் சரிந்தது. அவனை உயர்த்தியதும் வீழ்த்தியதும் விதையோ நீரோ அல்ல, கொழும்பிற் பிறந்த வர்த்தகக் கட்டளைகளே.

போர்க்காலத்தில் யூரியா முதலிய பசளைகளை வடக்கே கொண்டுவரத் தடையிருந்தது. இடையே, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கமத்தொழிலின் பெரும்பகுதியை மாகாணங்களுக்குரியதாக்கிற்று. இதனால் இன்று ஒரே வயலுக்குப் பல தலைவாசல்கள் உள. பயிர்ச்செய்கை ஆலோசனை கூறும் விவசாயப் போதனாசிரியர் நம் பகுதியில் மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். பசளை மானியத்துக்கும் குத்தகைப் பிணக்குக்கும் நாடவேண்டிய கமநல சேவை நிலையமோ மத்திய அரசாங்கத்துக்குரியது. திருநெல்வேலியிலுள்ள ஆராய்ச்சி நிலையமும் மத்திய திணைக்களத்தின் கீழுள்ளது. ஊரிலுள்ள முதியோர் இவ்வேறுபாட்டை அறியாது ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்கு அலைவதை இன்றும் காணலாம்.

பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 2021ஆம் ஆண்டிலோ இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளையின் நன்மையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மண்ணைப் பல்லாண்டு காலம் ஒருவகை உணவுக்குப் பழக்கிவிட்டு ஒரே போகத்தில் மாற்றுதல் இயலுமா? அவ்வாண்டின் இறுதியிலேயே தடை தளர்த்தப்பட்டதாயினும் அடுத்த பெரும்போக அறுவடை பெரிதும் வீழ்ந்தது. திணைக்களத்தில் நூறாண்டளவாகத் திரண்ட அறிவு இருக்க, அதனைக் கலந்து தெளியாது எழுந்த முடிவு அது என்றே யாம் கருதுகின்றோம்.

2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையிற் கமத்தொழில், கால்நடை, காணி, நீர்ப்பாசனம் யாவும் ஒரே அமைச்சாக இணைக்கப்பட்டன. 1931இற் கூடியிருந்த காணியும் கமமும் மீண்டும் கூடின. நீரும் உடன் வந்தது. விலை மட்டும் வெளியே நிற்கின்றது. இறக்குமதியாகும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் விதிக்கப்படும் விசேட பண்ட அறவீடு, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிதி அமைச்சரின் கட்டளையினாற் கூட்டவும் குறைக்கவும் பெற்றுவந்தது. வெங்காயம் கிண்டும் வேளையில் அவ்வறவீடு குறைக்கப்பட்டால், கமத்தொழில் அமைச்சர் அதனைத் தடுக்கும்படி தம் சக அமைச்சரைக் கேட்கலாம். அதற்குமேற் செய்தற்கு அவர் கையில் அதிகாரம் ஏதுமில்லை.