இத்தாலியில் கார் வாடகைக்கு எடுக்கிறீர்களா? ஊர் திரும்பிய பிறகு பில் வராமல் இருக்க இதைப் படிங்க!

கையில் கொடி பிடித்த கைடு, அவர் பின்னால் ஓடும் நாற்பது பேர், 'பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்துட்டு பஸ்ஸுக்கு வந்துடுங்க' என்ற அறிவிப்பு... ஃபாரின் பேக்கேஜ் டூர் என்றாலே பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். இது வேண்டாம் என்று, போகிற நாட்டிலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பிடித்த இடத்தில் நிறுத்தலாம். அம்மாவுக்குக் கால் வலித்தால் ஓய்வெடுக்கலாம். குழந்தை தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இப்படிச் சுற்ற அருமையான நாடு இத்தாலி. டஸ்கனி பகுதியின் மலைச்சரிவுகளும், சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் கிராமத்துச் சாலைகளும் கார் பயணத்துக்கென்றே அமைந்தவை.

ஆனால், இங்கே ஒரு சிக்கல் உண்டு. கார் சாவியைத் திருப்பிக் கொடுத்து, ஊருக்கு வந்து, டூரையே மறந்துபோன ஒரு நாளில் இத்தாலியிலிருந்து பதிவுத் தபால் வரலாம். உள்ளே... அபராத நோட்டீஸ்! வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் தரும் அவகாசம் 360 நாள்கள். டூர் பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் கார் வாடகை இல்லை. தெரியாமல் செய்யும் சின்னச் சின்ன தவறுகள்தான். அத்தனையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தவிர்க்கக்கூடியவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லா நாளும் கார் தேவையா?

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்... முதல்முறை இத்தாலி செல்பவர்களின் பட்டியலில் இந்த மூன்றும் கட்டாயம் இருக்கும். இந்த மூன்றுக்குமே கார் தேவையில்லை. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வெனிஸுக்குள் கார் போகவே முடியாது. ஊரின் வாசலில் நிறுத்திவிட்டுப் படகில் ஏற வேண்டியதுதான்.

அதனால், பெரிய நகரங்களுக்கு ரயில், கிராமங்களுக்கு கார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரன்ஸ் வரை ரயிலில் போய், நகரத்தைப் பார்த்து முடித்த பிறகு, ஊருக்கு வெளியே உள்ள ஏர்போர்ட்டில் காரை எடுக்கலாம். சான் ஜிமிஞ்ஞானோ, சியெனா, வால் டோர்ச்சா என்று மூன்று நாள் சுற்றிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். பத்து நாள் வாடகை மூன்று நாள் வாடகையாகக் குறையும். நகரத்துக்குள் கார் ஓட்டும் தலைவலியும் இருக்காது.

விமானம் ஏறும் முன்...

இத்தாலியில் நம் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எனப்படும் ஐ.டி.பி. அல்லது லைசென்ஸின் அதிகாரபூர்வ இத்தாலிய மொழிபெயர்ப்பு கூடவே இருக்க வேண்டும். இதில் ஐ.டி.பி. வாங்குவது சுலபம். பரிவாஹன் இணையதளத்தின் 'சாரதி' பகுதியில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லுபடியாகும். லைசென்ஸ் அதற்கு முன்பே காலாவதியானால் ஐ.டி.பி-யும் அன்றோடு முடிந்துவிடும். ஊரிலிருந்து கிளம்புவதற்குள் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐ.டி.பி. மட்டும் தனியாகச் செல்லாது. ஒரிஜினல் லைசென்ஸ் கார்டும் கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கிற லைசென்ஸ் நம்மூர் டிராஃபிக் போலீஸுக்குப் போதும். இத்தாலி கவுன்ட்டரில் அதை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது, கிரெடிட் கார்டு. காரைக் கொடுக்கும் முன் ஒரு தொகையை டெபாசிட்டாக உங்கள் கார்டில் பிளாக் செய்வார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல நிறுவனங்கள் இதற்கு ஏற்பதில்லை. யார் பெயரில் கார் புக் ஆகியிருக்கிறதோ, அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். கணவர் ஓட்டுகிறார், கார்டு மனைவி பெயரில் என்றால் கவுன்ட்டரிலேயே பிரச்னை ஆரம்பித்துவிடும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ஆன் செய்துவிட்டீர்களா, லிமிட் போதுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று... ஐரோப்பாவில் கியர் மாற்றி ஓட்டும் கார்கள்தான் வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால், ஸ்டீயரிங் இடது பக்கம் இருப்பதால் வலது கையால் கியர் போட வேண்டும். முதல்முறை என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் கார் எடுப்பது நல்லது. புக் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

கவுன்ட்டரில் கவனம்!

இத்தாலியில் வாடகையோடு பெரும்பாலும் அடிப்படை இன்ஷூரன்ஸும் சேர்ந்தே வரும். 'அப்பாடா, எல்லாம் கவர் ஆகிடுச்சு' என்று நினைத்துவிடக் கூடாது. அதில் 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை குறிப்பிட்டிருக்கும். காரில் கீறல் விழுந்தால், அந்தத் தொகை வரையிலான செலவு உங்களுடையது. அதற்கு மேல் போனால்தான் இன்ஷூரன்ஸ். உதாரணத்துக்கு, எக்ஸஸ் 1,500 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 700 யூரோ சேதம் என்றால் முழுவதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இந்த எக்ஸஸைக் குறைக்கும் கூடுதல் இன்ஷூரன்ஸை கவுன்ட்டரில் விற்பார்கள். வெளியே தனியாகவும் வாங்கலாம். விலை பெரும்பாலும் குறைவு. ஆனால், வெளியே வாங்கினால் சேதத்துக்கான பணத்தை முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகுதான் கிளெய்ம் செய்ய முடியும். டெபாசிட்டும் குறையாது. டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், தொலைந்த சாவி, தவறான எரிபொருள்... இவையெல்லாம் கவர் ஆகுமா என்று கையெழுத்து போடும் முன் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே காரை ஓட்டலாம். 'கொஞ்ச தூரம்தானே, தம்பி ஓட்டட்டும்' என்று கொடுத்து, அப்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் சைல்டு சீட் கட்டாயம். 150 செ.மீ உயரத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு இது சட்டம். நான்கு வயதுக்குக் குறைவான குழந்தை என்றால், குழந்தையை காரிலேயே மறந்துவிட்டு இறங்கினால் எச்சரிக்கும் கருவியும் வேண்டும். இரண்டையும் முன்பே சொல்லிவையுங்கள்.

சாவி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, செல்ஃபி இல்லை. காரைச் சுற்றி வந்து ஒரு வீடியோ! பம்பர், வீல், கண்ணாடி, கூரை, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாமே தெரிய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல் அவர்கள் தரும் பேப்பரில் இல்லையென்றால், அதைக் குறிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

இடது கைப் பழக்கம், வலது பக்கச் சாலை!

இத்தாலியில் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். குழப்பம் வந்தால் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். நம்மூரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான்.

வலது பக்கம் திரும்புவது சின்ன வளைவு. இடது பக்கம் திரும்புவது பெரிய வளைவு. ரவுண்டானாவை வலமிருந்து இடமாகச் சுற்ற வேண்டும். அதற்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும். முதல் நாளில் இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஆடினால் பதறாதீர்கள். நம்மூரின் பல கார்களில் இண்டிகேட்டர் வலது கைப் பக்கம். அங்கே இடது கைப் பக்கம்.

ஆபத்து அதிகமான நேரம், காலியான சாலையில் காலையில் காரை எடுக்கும் நேரம்தான். எதிரே வண்டி இருந்தால் தானாகவே சரியான பக்கம் போய்விடுவோம். யாருமே இல்லாதபோது கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் 'வலது பக்கம்' என்று குரல் கொடுத்தால் நல்லது. விமானத்திலிருந்து இறங்கிய தூக்கக் கலக்கத்தோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். ஒரு இரவு தூங்கி எழுந்து மறுநாள் காலையில் காரை எடுங்கள்.

வேக வரம்பு ஊருக்குள் 50 கி.மீ., ஆட்டோஸ்ட்ராடா எனப்படும் எக்ஸ்பிரஸ் சாலையில் 130 கி.மீ. மழை பெய்தால் அதே சாலையில் 110 கி.மீ.தான். சில இடங்களில் இரண்டு கேமராக்களுக்கு இடையிலான சராசரி வேகத்தையே கணக்கிடுவார்கள். கேமராவைப் பார்த்து பிரேக் அடிக்கும் டெக்னிக் அங்கே வேலை செய்யாது.

டோல், பெட்ரோல், பார்க்கிங்

பெரும்பாலான ஆட்டோஸ்ட்ராடாக்களில் நுழையும்போது ஒரு டிக்கெட் வரும். வெளியேறும்போது அதைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். டிக்கெட்டைத் தொலைத்தால், அந்தச் சாலையின் தொலைதூர நுழைவாயிலிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டுவிடுவார்கள். மஞ்சள் நிற 'டெலிபாஸ்' லேன், நம்மூர் ஃபாஸ்டேக் போல. அந்தக் கருவி இல்லாதவர்கள் போகக் கூடாது. தவறி நுழைந்துவிட்டால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். உதவி பட்டனை அழுத்துங்கள்.

பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 'காஸோலியோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், அமெரிக்கர்கள் பெட்ரோலைச் சொல்லும் 'கேஸோலின்' நினைவுக்கு வரும். ஆனால், அது டீசல்! பெட்ரோலின் பெயர் 'பென்ஸினா'. அடையாளமும் உண்டு: ஐரோப்பாவில் பெட்ரோலுக்கு வட்ட ஸ்டிக்கர், டீசலுக்குச் சதுர ஸ்டிக்கர். காரின் எரிபொருள் மூடியிலும் பாருங்கள். நாமே நிரப்பும் 'செல்ஃப்' பம்ப்பில் விலை குறைவு. ஊழியர் வந்து நிரப்பும் 'செர்விதோ' பம்ப்பில் அதிகம்.

பார்க்கிங்கில் தரையில் உள்ள கோட்டின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் கட்டணம், வெள்ளை என்றால் இலவசம், மஞ்சள் என்றால் குறிப்பிட்ட சிலருக்கானது. வெள்ளைக் கோட்டிலும் சில இடங்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு. பக்கத்தில் உள்ள போர்டைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அந்தப் பதிவுத் தபால் ஏன் வருகிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'இசட்.டி.எல்' என்ற மூன்று எழுத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பழைமையான நகர மையங்களில், அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய பகுதி இது. ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, சியெனா மட்டுமல்ல, பல சின்ன ஊர்களிலும் உண்டு.

தடுப்புக் கம்பியோ, நிறுத்தும் போலீஸோ இருக்க மாட்டார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றி சிவப்பு வளையம் போட்ட ஒரு போர்டு, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். சில இடங்களில் மின்பலகையில் 'வார்கோ ஆத்திவோ' என்று எரியும். 'ஆக்டிவ்' என்று பொருள். வழி திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்பாடு அமலில் இருக்கிறது, நுழையாதே என்று அர்த்தம்.

நுழைந்தால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. கேமரா நம்பர் பிளேட்டைப் பதிவு செய்யும். போலீஸ், வாடகை நிறுவனத்திடம் ஓட்டியவரின் விவரம் கேட்கும். விவரம் கொடுத்ததற்காக நிறுவனம் உங்கள் கிரெடிட் கார்டில் நிர்வாகக் கட்டணம் எடுக்கும். 'அபராதம் கட்டியாச்சு' என்று பலரும் நினைப்பது இதைத்தான். ஆனால், அபராதம் தனி; அது பிறகு தபாலில் வரும். ஒரு நுழைவுக்கு 80 யூரோவுக்கும் மேல்.  'மேப் அப்படித்தான் காட்டுச்சு' என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

தப்பிக்க வழி எளிது. பழைய நகரங்களின் மதில் சுவருக்கு வெளியிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து போங்கள். காரோடு ஃப்ளோரன்ஸைப் பார்க்க வேண்டுமென்றால், ஏ1 ஆட்டோஸ்ட்ராடாவிலிருந்து நேராக உள்ளே போகக்கூடிய 'வில்லா கோஸ்டான்ஸா' பார்க்கிங் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு டிராமில் ஏறினால் நகரத்துக்குள் போய்விடலாம். நீங்கள் தங்கும் ஹோட்டலே இசட்.டி.எல்லுக்குள் இருந்தால், கார் நம்பரைப் பதிவு செய்து தர முடியுமா என்று நுழைவதற்கு முன்பே ஹோட்டலுக்கு போன் செய்து கேளுங்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது...

டேங்க்கை நிரப்பிக் கொடுக்க வேண்டுமென்ற ஒப்பந்தமா? ஆபீஸுக்குப் பக்கத்தில் நிரப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை 24 மணி நேரக் கணக்கு. தாமதமானால் இன்னொரு நாள் வாடகை சேரலாம். மறுபடியும் ஒரு வீடியோ எடுத்து, ஊழியர் பார்த்துக் கையெழுத்திட்ட பேப்பரை வாங்கிக்கொள்ளுங்கள். இவை எல்லாமே ஓராண்டு வரை உங்களிடம் இருக்கட்டும். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் அவ்வப்போது பாருங்கள்.

நோட்டீஸ் வந்தேவிட்டால், தேதி, இடம், கார் நம்பர் ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். பொதுவாக, நோட்டீஸ் கிடைத்த 5 நாள்களுக்குள் கட்டினால் 30 சதவிகிதம் குறையும். 60 நாள்களைத் தாண்டினால் தொகை கூடும். தபாலில் வந்த நோட்டீஸில் உள்ள வழியில் மட்டும் பணம் கட்டுங்கள். மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறோம். கார் ஒப்பந்தத்துக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது 'நெக்ஸ்ட் இத்தாலி' என்று சொல்லிக்கொண்டிருந்தால், இதை அவர்களுக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க மக்களே!