கஞ்சன்பாக்கின் டங்ஸ்டன் ஈட்டி

டாங்கியை அழிக்கும் குண்டு என்றால் போய் விழுந்து வெடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் எதிரி டாங்கியின் முன்பக்கக் கவசத்தைத் துளைக்க இன்று படைகள் பெரிதும் நம்புவது, தன்னுள் வெடிமருந்தே இல்லாத ஒரு குண்டை. குழலிலிருந்து தள்ளிவிட எரிமருந்து உண்டு, அத்துடன் சரி. இலக்கில் போய்ப் பாய்வது, வால்பக்கம் சிறு துடுப்புகள் வைத்த ஒல்லியான உலோகத் தண்டு. நம் ராணுவத்தில் இதற்கு எஃப்எஸ்ஏபிடிஎஸ் என்று பெயர்.

இந்தத் தண்டைச் செய்யும் வித்தையை இந்தியா கற்றுக்கொண்ட இடம் ஹைதராபாத். கஞ்சன்பாக் பகுதியில் இருக்கும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், சுருக்கமாக டிஎம்ஆர்எல், 1963ல் தொடங்கப்பட்டது. குண்டின் வடிவமைப்பு புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அதன் உயிரான உலோகம் கஞ்சன்பாக்கின் வேலை. பீரங்கியைவிட உலோகப் பொடிக்கே இந்தக் கதையில் அதிக இடம்.

இரண்டாம் உலகப் போரில் கவசம் தடிமனாகிக்கொண்டே போனது. எஃகுக் குண்டை வேகமாக எறிந்தால், மோதிய இடத்தில் அதுவே நொறுங்கியது. 1944ல் பிரிட்டன் தன் 6 பவுண்டர், 17 பவுண்டர் பீரங்கிகளுக்கு வேறு வகைக் குண்டைக் கொண்டுவந்தது. கடினமான டங்ஸ்டன் கார்பைடு உள்ளீடு. அதைச் சுற்றி எடை குறைந்த உறை. குழலுக்குள் இருக்கும்வரை அகலமான உறை எரிமருந்து வாயுவின் முழு உந்துதலையும் வாங்கிக்கொள்ளும். வாயைத் தாண்டியதும் கழன்று விழும். ஒல்லியான உள்ளீடு மட்டும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். 1965 போரில் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்ட நம் செஞ்சூரியன் டாங்கிகளின் 20 பவுண்டர் பீரங்கி, இந்த வகைக் குண்டைச் சுடக்கூடியது.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. புரியிட்ட குழல் குண்டைச் சுழற்றி அனுப்பும். சுழற்சிதான் அதை நேராக வைத்திருக்கும். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கைத் தாண்டினால் சுழற்சி உதவாது, வழியிலேயே புரண்டுவிடும். நீளம் வேண்டுமென்றால் அம்புக்குப் போல வாலில் துடுப்பு வைக்க வேண்டும். 1961ல் சோவியத் யூனியன் டி-62 டாங்கியில் புரியில்லாத 115 மில்லிமீட்டர் குழலை வைத்து இதைச் செய்துகாட்டியது. ஆவடியில் தயாரான நம் விஜயந்தா டாங்கியிலோ புரியிட்ட 105 மில்லிமீட்டர் குழல். அங்கே குண்டைச் சுற்றி ஒரு வழுக்கு வளையம் போட்டார்கள். சுழற்சியின் பெரும்பகுதியை வளையம் ஏற்றுக்கொள்ள, தண்டு கொஞ்சமே சுழலும். அர்ஜுன் டாங்கியின் 120 மில்லிமீட்டர் குழலும் புரியிட்டதுதான்.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் உலோகமும் உலோகமும் மோதும்போது, மோதும் இடத்து அழுத்தம் அவற்றின் வலிமையை மீறிவிடுகிறது. இரண்டும் திரவம்போல நடந்துகொள்கின்றன. தண்டின் முனை தேய்ந்து விலக, அடுத்த பகுதி முன்னுக்கு வந்து தோண்டும். தன்னைத் தின்னக்கொடுத்தே அது வழி செய்கிறது. ஆகவே துளையின் ஆழத்தை நிர்ணயிப்பவை தண்டின் நீளமும், கவசத்தோடு ஒப்பிட்டால் அதன் அடர்த்தியும். நான்கு கிலோ தண்டு ஒன்று விநாடிக்கு 1,650 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் பத்து டன் லாரியின் ஆற்றல் அதில் இருக்கும். லாரி சுவர் முழுக்க மோதும். இது ஓரிரு விரல் அகலத்தில் இறங்கும்.

அடர்த்தியும் வேண்டும், உறுதியும் வேண்டும் என்றால் எட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டே: டங்ஸ்டன், செறிவு குறைந்த யுரேனியம். அமெரிக்கா இரண்டாவதை எடுத்துக்கொண்டது. 1991 வளைகுடாப் போரில் அது பெயர் வாங்கியது. தேயும்போது யுரேனிய முனை ஓரங்களில் உதிர்ந்து கூராகவே இருக்கும். டங்ஸ்டன் முனை காளான்போல விரிந்து கொஞ்சம் ஆற்றலை வீணாக்கும். ஆனால் யுரேனியம் விட்டுச்செல்லும் நச்சுத் தூசி பற்றிய சர்ச்சை இன்னும் அடங்கவில்லை. இந்தியா டங்ஸ்டன் பக்கம் நின்றது. அந்தத் தேர்வு சரி என்பதே என் எண்ணம்.

டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலோகங்களிலேயே அதிகம். அதை உருக்கி அச்சில் ஊற்றுவது நடக்கிற காரியமல்ல. எனவே பொடியாகவே வேலை செய்ய வேண்டும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் டங்ஸ்டன் பொடி, மீதி நிக்கலும் இரும்பும், சிலவற்றில் கோபால்ட்டும். கலவையை நெகிழும் அச்சில் அடைத்து எல்லாப் பக்கமும் நீர்மத்தால் அழுத்துவார்கள். பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய உலையில் ஏறத்தாழ 1,500 டிகிரி. நிக்கலும் இரும்பும் உருகி டங்ஸ்டன் துகள்களுக்கு இடையே பாயும். துகள்கள் திடமாகவே இருந்து, உருண்டு திரண்டு, நெருங்கி உட்காரும். இடைவெளிகள் மூடி, தண்டு சுருங்கும். இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8 கிராமுக்கும் குறைவு. இதற்கு 17க்கும் மேல்.

இதோடு முடிவதில்லை. உலையில் உட்புகுந்த ஹைட்ரஜனும், துகள்களின் எல்லையில் போய் ஒட்டும் கந்தகமும் பாஸ்பரஸும் தண்டை நொறுங்கவைக்கும். வெற்றிடத்தில் மறுபடி சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். அதன்பின் சுற்றிலுமிருந்து அடித்து அடித்து ஒல்லியாக்கி வலுவேற்ற வேண்டும். குழலுக்குள் இந்தத் தண்டு தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போலப் பல்லாயிரம் மடங்கு. பதம் தப்பினால் எதிரியை அடையுமுன் நம் குழலுக்குள்ளேயே முறியும். அடர்த்திக் கணக்கைப் பாடப்புத்தகத்தில் படித்துவிடலாம். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்பதை உலைக்கு முன்னால் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிஎம்ஆர்எல் இயக்குநராக இருந்த வி.எஸ்.அருணாச்சலம் 1982ல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக டெல்லிக்குப் போக, பி.ராமா ராவ் பொறுப்பேற்றார். ஆய்வகத்தில் தேறிய செய்முறையைப் பெருமளவில் செய்ய ஆலை அமைந்தது திருச்சியில். ஊர்க்காரர்கள் ஹெச்ஏபிபி என்று சொல்லும் கனஉலோகத் தொழிற்சாலை அது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தது. இன்னொரு வேடிக்கை: அர்ஜுன் டாங்கியின் ‘கஞ்சன்’ கவசமும் அதே டிஎம்ஆர்எல் தயாரிப்புதான். பேட்டையின் பெயரே கவசத்துக்கும். துளைப்பதும் தடுப்பதும் ஒரே வளாகத்தில் இருந்தால், ஒன்றின் பலவீனம் மற்றதற்கு உடனே தெரிந்துவிடும்.

இதனால் எல்லாம் கைகூடிவிட்டது என்று சொல்ல முடியாது. 2012 மார்ச்சில் அன்றைய தரைப்படைத் தளபதி வி.கே.சிங் பிரதமருக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. எதிரி டாங்கியை வீழ்த்தத் தேவையான முக்கியக் குண்டுகளே நம் டாங்கிப் படையிடம் இல்லை என்றது அது. அதே மாதம், ஊழல் வழக்கை முன்னிட்டு, இத்துறையில் பேர்பெற்ற இஸ்ரேல் நிறுவனமான ஐஎம்ஐ கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் ரஷ்யாவின் ‘மேங்கோ’ குண்டு வந்தது. 2024 ஜூலையில் இந்தியாவிலேயே அதன் உற்பத்தி தொடங்கியதாக ரஷ்யத் தரப்பு அறிவித்தது. அது 1980களின் வடிவமைப்பு. எஃகு உறைக்குள் இரண்டு டங்ஸ்டன் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது. ஒரே நீள்தண்டு அல்ல. இதைச் சுடும் நம் டி-72, டி-90 டாங்கிகளில் குண்டை எடுத்து ஊட்டும் எந்திரம் தரையடியில் வட்டமாகச் சுழல்கிறது. அந்த வட்டத்துக்குள் அடங்கும் நீளம்தான் தண்டுக்கு. உலோகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை மீற முடியாது.

கடைசியில் தாது. ராஜஸ்தானின் டேகானாவில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய டங்ஸ்டன் சுரங்கம், மலிவான சீன டங்ஸ்டனோடு போட்டிபோட முடியாமல் 1990களில் மூடப்பட்டது. இன்று உலக உற்பத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சீனாவுடையது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. அரிட்டாபட்டியின் குன்றுகளும் சுனைகளும் சமணர் தடயங்களும் அந்த எல்லைக்குள் வர, ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9ல் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பன்னிரண்டாம் நாள், பிப்ரவரி 4ல், சீனா டங்ஸ்டன் பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது.

மேலூர்க்காரர்கள் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. டங்ஸ்டன் இன்னொரு வழியிலும் கிடைக்கும். தேய்ந்த துளையிடு முனைகளிலும் கடைசல் பட்டறையின் வெட்டுமுனைகளிலும் இருப்பது டங்ஸ்டன் கார்பைடுதான். அதைப் பிரித்து மறுபடி பொடியாக்கும் தொழில் உலகெங்கும் நடக்கிறது. கோயம்புத்தூரில் மட்டும் இப்படி எத்தனை பட்டறைகள்!