கோதுமையை விட்ட வீட்டின் வரவு செலவு

"ராத்திரியில் சோறு வேண்டாம், இரண்டு சப்பாத்தி சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சொல்லிக் கேட்காத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் குறைவாகத்தான் இருக்கும். 2009-ல் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது எங்கள் வீட்டுக்கும் சப்பாத்தி வந்தது. எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு சமையல் யார் செய்வார்கள்? என் மனைவியும் சப்பாத்திக்கு மாறினாள். கும்பகோணத்தில் பிறந்து, மூன்று வேளையும் அரிசியிலேயே வளர்ந்தவள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவளுக்கு வயிறு கெட ஆரம்பித்தது.

அடுத்த பத்து வருஷம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி அன்பர்களை வருத்த விரும்பவில்லை. வயிற்றுப் போக்கு, உப்புசம், படியேறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டவில்லை. இரும்புச் சத்து மாத்திரை விழுங்கி விழுங்கி அலுத்துப் போனாள். நாலைந்து இடத்தில் காட்டினோம். "வயசாகுதில்லையா அம்மா" என்றார்கள். கடைசியில் 2019-ல் ஓர் இளம் டாக்டர், "தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். நோயின் பெயர் சீலியாக்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில் பாதையோடு காலம் கழித்தவன், வைத்தியன் அல்ல. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சிலருக்கு அது உள்ளே போனதும் உடம்பின் காவல் படையே தன் சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற பகுதிகள் மழுங்கிப் போகின்றன. அதனால்தான் எவ்வளவு மாத்திரை போட்டாலும் ரத்தம் ஊறவில்லை. இதற்கு மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விடுவதுதான் சிகிச்சை. ஒன்றை மறக்க வேண்டாம்: சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் முடிவு தவறாக வரலாம். சோதனை முடியும்வரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்து டாக்டர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய்க்கான ரத்த அறிகுறி வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேலும், தென்னிந்தியாவில் 1,000 பேரில் ஒருவருக்கும் காணப்பட்டது. மரபணுக் கூறு இரு பக்கமும் ஏறக்குறைய சமம்தான். வேறுபாடு தட்டில் இருந்தது. ஆய்வில் வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். சப்பாத்தியும் பரோட்டாவும் பிஸ்கட்டும் நம் வீடுகளில் பெருகப் பெருக அந்த 25 அப்படியே நிற்குமா என்பது என் கவலை.

இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டியே கிடைக்காதபோது நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் இதைத் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதினார். அதே உலகப் போர்க் காலத்தில் நம் பெங்களூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வர, எம்.டி.ஆர். ஹோட்டலில் ரவையைக் கொண்டு இட்லி செய்ததாகச் சொல்வார்கள். ரவா இட்லி பிறந்த கதை அது. அங்கே கோதுமை இல்லாமல் குழந்தைகள் பிழைத்தார்கள், இங்கே இட்லிக்குள்ளேயே கோதுமை நுழைந்தது. இன்றும் என் மனைவி ஹோட்டலில் முதலில் கேட்பது, "இது அரிசி இட்லியா, ரவா இட்லியா?"

செலவு விஷயத்துக்கு வருகிறேன். நோய் தெரிந்த வாரமே நான் பெரிய கடைக்குப் போய், "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டிருந்ததையெல்லாம் அள்ளி வந்தேன். மாவு கிலோ 190 ரூபாய், சின்ன ரொட்டிப் பாக்கெட் 180, கைப்பிடி பிஸ்கட் 120. முதல் மாதக் கணக்கை எழுதிப் பார்த்தால் வழக்கத்துக்கு மேல் 4,800 ரூபாய். பென்ஷனில் இது சின்னத் தொகை இல்லை. எழுதியதோடு நிற்காமல் அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

அன்றிலிருந்து அவள் அந்த ரொட்டியைத் தொடவில்லை. "எனக்குப் பிடிக்கலைங்க" என்று சொல்லி மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டாள். எடை குறைந்தது. ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. எனக்கென்று போட்டு மிஞ்சிப்போன கோதுமைச் சப்பாத்தியை நின்றுகொண்டே சாப்பிட்டுக் கொண்டிருந்தாள். "வீணாப் போகுதே, ஒண்ணுதானே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் மிச்சம் மீதியைத் தன் வயிற்றில் போட்டு வீட்டைக் காப்பாற்றியவளிடம், உன் ஒருத்திக்காக 4,800 என்று கணக்குப் படித்தவன் நான்.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். வீட்டில் இனிக் கோதுமையே கிடையாது, எனக்கும் சேர்த்து. ரயில்வேயில் ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்பது விதி. இரண்டை விட்டுவிட்டு ஜாக்கிரதையாக இருப்போம் என்பது பேச்சுக்கு ஆகாது. இரண்டு மாவு, இரண்டு தோசைக்கல், இரண்டு கரண்டி என்று வைத்தால் செலவும் இரட்டிப்பு, கை தவறினால் ஆபத்தும் உண்டு. என் சர்க்கரைக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு, அளவோடு ராகிக் களி, சோள ரொட்டி என்று மாற்றிக்கொண்டேன். பெங்களூரில் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. ராகி முத்தே, அக்கி ரொட்டி, ஜோளத ரொட்டி எல்லாம் இந்த ஊர் ஏழை எளியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவது. எதிலும் குளூட்டன் இல்லை. ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. இந்நோயில் எலும்பு பலவீனப்படுவதால் அதுவும் லாபம். பாக்கெட் பிஸ்கட்டில் பாதி சர்க்கரையும் மாவுச் சத்தும்தான்.

ஆனால் ராகி வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தது இரண்டாவது தப்பு. தெருமுனை மாவு மில்லில் எங்களுக்கு முன்னால் அரைத்தது கோதுமை. அந்தக் கல்லிலேயே எங்கள் ராகியும் விழுந்தது. குளூட்டன் இல்லை என்று அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர ஆணையத்தின் விதி. மில்லின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மாவே அதைத் தாண்டிவிடும். 14,000 ரூபாய்க்கு வீட்டு மாவு இயந்திரம் வாங்கினேன். மனைவி தயங்கியபோது கணக்குப் போட்டுக் காட்டினேன், இம்முறை நல்ல காரியத்துக்கு. முத்திரை போட்ட பாக்கெட் மாவுக்கும் முழுத் தானியத்துக்கும் கிலோவுக்கு 120 ரூபாய் வித்தியாசம். எங்களுக்கு மாதம் ஒன்பது கிலோ. பதின்மூன்று மாதத்தில் இயந்திரத்தின் விலை திரும்பி வந்துவிட்டது. தானியத்தை முறத்தில் போட்டுப் பொறுக்கும் வேலை என்னுடையது. கடைச் சோளத்தில் இரண்டொரு கோதுமை மணி கிடைக்காத நாள் அபூர்வம்.

இத்தனை செய்தும் நாலு மாதம் வரை வயிறு முழுதாகச் சரியாகவில்லை. காரணம் என்ன தெரியுமா? பெருங்காயம்! கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றுக்கு மைதாதான் ஆதாரம். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ரசம், சாம்பார், ஊறுகாய், இட்லிப் பொடி என்று நம் சமையலில் அது இல்லாத இடம் ஏது? அரிசி மாவில் செய்த பெருங்காயம் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஒரு டப்பா இரண்டு மாதம் வரும். ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் உண்டு. கடைச் சத்துமாவிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். பேக்கரி நிப்பட்டில் மைதா சேர்ப்பது வழக்கம். கோபி மஞ்சூரியனில் மைதாவும் உண்டு, கோதுமை சேர்ந்த சோயா சாஸும் உண்டு. ஓட்ஸ்கூட மில்லில் கலப்படமாகிறது.

இப்போது எங்கள் கூடுதல் செலவு மாதம் 500 ரூபாய்க்குள். பண்டிகைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட், ஊருக்குப் போகும்போது ஒரு ரொட்டி, அவ்வளவே. ரயில் பயணத்துக்கு எலுமிச்சை சாதமும் பொடி தடவிய இட்லியும். ஒன்றில் மட்டும் சிக்கனம் பிடிப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொன்னால் எலும்புப் பரிசோதனை. நோயாளியின் உடன்பிறந்தார், பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு இது இருக்கலாம் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கும் பார்த்தோம். மகனுக்கு இல்லை. மகளுக்கு இருந்தது, தொந்தரவு எதுவும் தெரியாமலேயே.

இத்தாலியில் இந்நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுக்கென்று அரசு ஒரு தொகை தருகிறது. இங்கிலாந்தில் சில பகுதிகளில் டாக்டர் சீட்டில் ரொட்டியும் மாவும் கிடைக்கும். அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். இங்கே நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மெலிவதற்காகக் குளூட்டனை விடுவது இப்போது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. கடைகளில் சரக்கு கூடியது நல்லது. ஆனால் ஹோட்டலில் "ஒவ்வாது" என்றால், இதுவும் பேஷன் என்று நினைத்துச் சர்வர் சிரிக்கிறார்.

மனைவியின் ஹீமோகுளோபின் ஒரு வருஷத்தில் 11.8-க்கு வந்தது. மாடிப்படியில் இப்போது எனக்கு முன்னால் ஏறுகிறாள். ஒரு வேண்டுகோள் மட்டும். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் அவள் சென்ற முறையும் வீட்டு டப்பாவோடுதான் பந்தியில் உட்கார்ந்தாள். கேசரியை விட்டுவிடலாம், பரவாயில்லை. வெண்பொங்கலிலும் சாம்பாரிலும் பெருங்காயம் போடுவதற்கு முன் ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்க முடியுமா என்று சமையல் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். கரண்டி நாங்கள் கொண்டு வருகிறோம்.