கனமான ஆம்ப்பா, கையில தூக்குற ஆம்ப்பா? ஒரு பேஸ் கிடார்காரனின் பதில்

போன எபிசோடு வெளியானதும் பாகூர் பக்கத்திலிருந்து, கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணே, பேஸ் கிடார் வாங்கிட்டேன். பழைய பெரிய ஆம்ப் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. இன்னும் கொஞ்சம் காசு போட்டா புதுசா சின்னது கிடைக்கும். எதை எடுக்கட்டும்?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனா இது நான் முதுகைக் கொடுத்துப் படிச்ச பாடம். அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

வில்லியனூரைச் சுற்றி மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன் நான். என் முதல் ஆம்ப் 15 இஞ்ச் ஸ்பீக்கரோட ஒரே பெட்டியா வர்ற பழைய டிரான்சிஸ்டர் காம்போ. 36 கிலோ. திருக்காஞ்சி, கூடப்பாக்கம், கிருமாம்பாக்கம் என்று எங்கே கச்சேரி என்றாலும் டாட்டா ஏஸில் ஏற்றி, இறக்கி, மேடைப் படியில் தூக்கி வைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதே வேலை தலைகீழா. ஒரு வைகாசி மாசம், நாலாவது படியில் இடுப்பில் ஏதோ பிடிச்சது. டிஸ்க் விலகியிருக்குன்னு டாக்டர் சொன்னார். பத்து கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதாம்.

வலியைவிட குழுவில் சொன்னதுதான் பயமா இருந்தது. "நீ ரெஸ்ட் எடு. அதுவரைக்கும் கீபோர்டுலயே இடது கையில பேஸ் போட்டுக்கறோம்." அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா எங்க தொழில்ல ஒருமுறை இடது கைக்குப் போன பேஸ், கிடாருக்குத் திரும்பி வர்றது லேசு இல்ல. ஒரு ஆளின் சம்பளம் மிச்சமாகிறதே.

சரி, பழைய ஆம்ப் ஏன் இவ்வளவு கனம்? கரண்ட் கம்பியிலிருந்து வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அவ்வளவு மெதுவான மின்சாரத்தைக் கையாள டிரான்ஸ்பார்மருக்கு நிறைய இரும்பும் செம்பும் வேண்டும். ஸ்பீக்கரின் பெரைட் காந்தம் தனிக் கனம். கனமான பிளைவுட் பெட்டி வேறு. இந்த வம்சத்தின் பெரியண்ணன் 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 14 வால்வு, 300 வாட். தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதோடு சேர்கிற எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த வருஷம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனது இதைத்தான். அவங்களுக்குத் தூக்க ஆள் இருந்தாங்க!

புது ஆம்ப்பில் மூணு விஷயம் மாறிவிட்டது. முதலாவது பவர் சப்ளை. மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டு போட்டுத் தருவதால், உள்ளங்கையில் அடங்குகிற டிரான்ஸ்பார்மர் போதும். நம்ம லேப்டாப் சார்ஜரும் இதே சங்கதிதான். இரண்டாவது, கிளாஸ் டி. டிரான்சிஸ்டரை முழுசாத் திறக்கும் அல்லது முழுசா மூடும், பாதியில் நிறுத்தாது. அதனால் சூடாகி வீணாகிற சக்தி ரொம்பக் குறைவு, பெரிய அலுமினியத் தகடு வேண்டியதில்லை. மூன்றாவது, 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம். சின்னதாக இருந்தாலும் பிடி பலம். இப்படித்தான் 500 வாட் ஹெட் மூணு கிலோவுக்குள் வந்து நிற்கிறது. தோள் பையில் போட்டு பைக்கில் போகலாம்.

நானும் அப்படி ஒண்ணு வாங்கினேன். மூணாவது கச்சேரி பாகூர் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா, ஆடி மாசம். சரணத்துக்குப் போகும்போது பேஸ் பட்டென்று நின்றது. விளக்கு எரியுது, சத்தம் இல்லை. அணைச்சுப் போட்டா ரெண்டு நிமிஷம் வாசிக்குது, மறுபடி மௌனம். மைக்செட்காரர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 170 வோல்ட். ஒரே ஜெனரேட்டரில் சீரியல் லைட்டு, போகஸ் லைட்டு, எல்லாம் ஓடுது. என் பழைய காம்போ இருந்திருந்தால் கொஞ்சம் முனகிக்கொண்டு, சத்தம் குறைஞ்சு, எப்படியோ வாசிச்சு முடிச்சிருக்கும். புதுசுக்கு அந்தச் சகிப்பு கிடையாது. தன்னைக் காப்பாத்திக்கத் தானே அணைஞ்சுடும். இளையராஜா பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸை இங்கே வயலில் நிற்கிறவர்கூட முணுமுணுப்பார். அது பாதியில் நின்றால் முன்வரிசைக்கு உடனே தெரிந்துவிடும். அன்றைக்கும் இடது கைதான் காப்பாத்தியது.

அதனால வாங்கும்முன் பின்பக்கத்தைப் படிங்க. "100–240 வோல்ட்" என்று போட்டிருந்தால் நம்ம ஊர் ஜெனரேட்டரைத் தாங்க வாய்ப்பு அதிகம். "230" மட்டும் இருந்தால் ஸ்டெபிலைசர் கூடவே வரணும். அதுவும் ஒரு கனம்தான், கணக்கில் சேருங்க. 115, 230 என்று ஸ்விட்ச் வைத்த மாடலானால், ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்காம பிளக்கில் செருகாதீங்க.

ரிப்பேர் இன்னொரு பக்கம். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் உள்ளே 2என்3055 மாதிரி பவர் டிரான்சிஸ்டர் இருக்கும். புதுச்சேரியில் டி.வி. ரிப்பேர் பார்க்கிறவர்கூட சாயங்காலத்துக்குள் மாற்றிக் கொடுப்பார். புதுசுல எள்ளளவு பாகங்கள், போர்டோடு மாற்றணும். போர்டு வெளியூரிலிருந்து வரணும். சீசன் நேரத்தில் அந்தக் காத்திருப்பு பல கச்சேரிப் பணம். வால்வு ஆம்ப் இந்தக் கணக்கிலேயே வராது. கிராமத்து ரோட்டுக் குலுக்கலில் வால்வை நம்ப முடியாது, ஸ்பீக்கரை மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விடலாம்.

சத்தம்? வாட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. 250 வாட் 500 ஆனால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதே மாதிரி இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்த்தால் அதைவிட லாபம். கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அதைச் சின்னப் பெட்டியிலிருந்து ஆழமாகவும் சத்தமாகவும் வரவழைக்க எந்தக் காந்தத்தாலும் முடியாது. சின்னப் பெட்டி, ஆழம், சத்தம், மூணில் ரெண்டுதான் கிடைக்கும். ஹெட்டில் எடை குறைந்தது உண்மை. பெட்டியில் அதே அளவு குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா ஒண்ணு. இன்றைக்கு நம்ம திருவிழா மேடைகளில் கூட்டத்துக்குக் கேட்பது மைக்செட்காரரின் பெரிய பாக்ஸ்தான். ஆம்ப்பின் பின்னால் இருக்கிற டிஐ அவுட்டிலிருந்து மிக்சருக்கு ஒரு ஒயர் போய்விட்டால், என் ஆம்ப் எனக்கும் டிரம்மருக்கும் மட்டும் கேட்டால் போதும். அப்படியானால் 36 கிலோவை நான் யாருக்காகத் தூக்கினேன்? இந்தக் கேள்வியை இடுப்பு போவதற்கு முன்னால் கேட்டிருக்கணும்.

இப்போ என் செட்டு இது. 100–240 வோல்ட் போட்ட சின்ன ஹெட், பத்து கிலோவுக்குள் ஒரு 12 இஞ்ச் பெட்டி, பையில் ஒரு டிஐ பாக்ஸ். ஹெட் படுத்தால் கிடார் நேரா மிக்சருக்குப் போகும். பழைய காம்போ வீட்டுத் திண்ணையில் இருக்கு, மழைக்காலத்தில் பயிற்சிக்கு. சத்தத்தின் அழகுக்கு இன்றைக்கும் அதுக்குத்தான் என் ஓட்டு.

தம்பி, நீ வீட்டிலும் கல்லூரியிலும் மட்டும் வாசிக்கப் போறேன்னா பழசை எடு. வாங்கும்போது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார், காம்போவைத் தட்டிப் பார், பிளக்கில் மூணாவது பின் இருக்கான்னு பார். எர்த் இல்லாத ஆம்ப்பில் கம்பியைத் தொட்டுக்கிட்டே மைக்கில் வாய் வச்சா ஷாக் அடிக்கும். ஊர் ஊராப் போகப் போறேன்னா, முதலில் உங்க மைக்செட்காரருக்குப் போன் போடு. மிக்சரில் பேஸுக்கு ஒரு லைன் கொடுப்பாரா, மானிட்டரில் விடுவாரான்னு கேளு. ஆமான்னு சொன்னார்னா சின்னதையே வாங்கு.