கோட்டைக்குள் மான், கடலுக்குள் தூண்

திருகோணமலைக்கு வரும் வெளிநாட்டார் பலர் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, நிலாவெளியில் ஒரு குளியல் போட்டுவிட்டுக் கையோடு கிளம்பிவிடுகிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரம் அவர்களுக்கு வழியில் வரும் கடைத்தெரு, அவ்வளவுதான். நட்டம் அவர்களுக்கே.

இங்கேயே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்குக் காலை நடை பிரெட்ரிக் கோட்டை வழியே அமைகிறது. போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் சேர்த்து எழுப்பிய கோட்டை இது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது. ஆனால் பாதையில் அதிகாரம் செய்வது புள்ளிமான்கள்தான்! நிழலில் படுத்திருக்கும், கையில் பழப்பை தெரிந்தால் எழுந்து வந்து முகர்ந்து பார்க்கும்.

பாதை முடியும் இடத்தில் இன்றைய கோணேசர் கோயில். பக்கத்தில் சுவாமி மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இடிபட்ட கோயிலின் தூண்களை 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் முக்குளித்துக் கண்டது இந்தக் கடலடியில்தான்.

வெயில் ஏறினால் சாப்பாட்டுக்கடை: இடியப்பம், சொதி, பிறகு ஒரு பிளேன்டீ. யாரும் எழுந்துபோகச் சொல்வதில்லை.

மாலைக்கு உட்துறைமுகக் கரை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் என்று சொன்னால்தான் தெரியும்; அவ்வளவு அமைதியான தண்ணீர்.

போக நினைப்பவர்கள் மே முதல் செப்டெம்பருக்குள் போங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரையில் மழைக்காலம்.